ஓவனில் வைக்கக் கூடாது

மார்ச் 3, திங்கள்

ஷெட்டுக்குப் புதுப் பேரல்கள் வந்திருக்கின்றன. பக்கவாட்டில் இஞ்சினியரம்மா சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தார். யாரையும் கேட்காமல் நானே படித்தேன். எஸ்டர். ஒருமுறை மனத்துக்குள், ஒருமுறை வாய்விட்டு. லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

போன வருஷம் வரை பேரல் எனக்கு வெறும் பேரல். இப்போது அது என்னிடம் பேசுகிறது.

மேஸ்திரி பின்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. "படிச்சு முடிச்சிட்டியா? பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிட்டியே, பரவாயில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேஸ்திரி எனக்குச் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இந்த ஷெட்டில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. என்னையும் மறக்க விட்டதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

முதியோர் கல்வி மாலை வகுப்பு டீச்சர் சொன்னார், தெரிந்ததை எழுதிப் பழகுங்கள் என்று. எனக்குத் தெரிந்தது ஷெட்டுதான்.

இங்கே பழுதான டிரான்ஸ்ஃபார்மர்கள் வரும். இரும்புத் தொட்டிக்குள் காகிதம் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் உட்கார்ந்திருக்கும், அதற்குக் காயில் என்று பெயர். அதைச் சுற்றி எண்ணெய். மின்சாரம் கண்டபடி தாவாமல் தடுப்பதும் எண்ணெய்தான், சூட்டை வாங்கிக்கொள்வதும் எண்ணெய்தான். அழுக்கும் தண்ணீரும் சேர்ந்த எண்ணெயை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்வது என் வேலை. அதனால் எல்லோருக்கும் நான் வடிகட்டி. முதலாளிக்கு என் சொந்தப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

இவ்வளவு எழுத ஒரு மாலைப் பொழுது ஆகிவிட்டது. என்ன சுகம்.

மார்ச் 6, வியாழன்

இஞ்சினியரம்மா வேடிக்கை ஒன்று காட்டினார். இரண்டு இரும்புக் கிண்ணம். ஒன்றில் நம் பழைய எண்ணெய், ஒன்றில் எஸ்டர். இரண்டையும் ஒரே அளவு சூடாக்கி மேலே தீயைக் காட்டினார். பழையது குப்பென்று பிடித்துக்கொண்டது. எஸ்டர் புகையக்கூட இல்லை, சும்மா இருந்தது.

"ஆஸ்பத்திரியோட தரைத்தளத்துல இருக்கற டிரான்ஸ்ஃபார்மருக்கு இதைத்தான் ஊத்தப் போறோம். மேல நோயாளிங்க படுத்திருக்காங்க. தீப்பிடிச்சா அவங்களால எழுந்து ஓட முடியாது" என்றார். இது விதையிலிருந்து எடுத்த எண்ணெயாம். மண்ணில் சிந்தினாலும் கேடு இல்லையாம்.

மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று ஷெட்டுக்குள் வந்தால் பிடிக்காது. "விதை எண்ணெய்னா பொரிச்சுச் சாப்பிடலாமே. வடிகட்டி, குடிச்சுப் பாரு" என்று புனலில் பிடித்து நீட்டினார். வேண்டாம் சகலை என்றேன். "படிச்ச பெரிய மனுஷன் பயப்படலாமா?" என்றார். வெல்டர் கை தட்டினான். இஞ்சினியரம்மா ஃபோன் பேச வெளியே போயிருந்தார்.

குடித்தேன். புனல் எத்தனை வருஷத்து அழுக்குப் புனலோ.

மார்ச் 7, வெள்ளி

வயிறு சரியில்லை. ஷெட்டுக்குப் போகவில்லை. வயிறு என்பதைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன், அதுவரை லாபம்.

மார்ச் 10, திங்கள்

முதலாளி என்னையும் சகலையையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ஷெட்டைப் புது மாதிரி மாற்றப் போகிறாராம். வயதானவர்கள் இரண்டு பேர் தேவையில்லையாம். ஒருவர் போதும்.

"யாருன்னு வேலை முடிஞ்சதும் சொல்றேன்."

வெளியே வந்ததும் சகலை என் தோளில் கை போட்டார். அவர் கை போட்டால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "வீட்ல உக்காந்து அ, ஆ எழுதிட்டு இரு. உனக்கு நல்ல பொழுதுபோக்கு" என்றார்.

வீட்டில் உட்கார்ந்தால் நான் யார்? இங்கே வடிகட்டியாவது. வீட்டில் ஒரு நாற்காலி அளவு இடத்தை அடைத்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, மருமகள் பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொண்டு. முடியாது. என்னால் முடியாது.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரி டிரான்ஸ்ஃபார்மரில் எஸ்டரை நிரப்பிப் பரிசோதித்தார்கள். காயிலில் ஒரு இணைப்பு லூஸாக இருக்கிறது. செயின் பிளாக் போட்டுக் காயிலை மறுபடி வெளியே தூக்கினோம். எஸ்டர் சொட்டச் சொட்ட, தேனடை மாதிரி மேலே தொங்கியது.

மாலையில் பேப்பரை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஒரு செய்தி முடிய அரைக் கூடை காய் முடிந்துவிட்டது. "அவசரம் என்ன, நிதானமாப் படிங்க" என்றாள். பத்து வரி படிப்பதற்குள் உலகத்தில் என்னென்னவோ நடந்திருக்கும். இருந்தாலும் அவள் கேட்டாள்.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை விடாமல் எழுதப் போகிறேன். என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. மகனுக்கும் மருமகளுக்கும் கிழவன் கிறுக்குவதில் அக்கறை இல்லை. பயமில்லாமல் எழுதலாம்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சகலை பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். இஞ்சினியரம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி தூங்கறாரு, எழுப்ப வேண்டாம். எழுந்ததும் நீங்க சொல்லிடுங்க ஐயா. இணைப்பைச் சரி பண்ணதும் காயிலை எஸ்டர்லயே முக்கி வச்சிடணும். ஓவன்ல வைக்கவே கூடாது. பழைய எண்ணெய்க்கு வைக்கற மாதிரி இதுக்குச் சூடு காத்து விட்டா, ஒட்டியிருக்கற எண்ணெய் பிசினா இறுகிடும். காயில் போச்சு. ஈரம் எடுக்கணும்னா எஸ்டரையே சூடாக்கிச் சுத்த விடலாம்னு சொல்லுங்க."

எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார்.

"வேண்டாம்மா. ஞாபகம் இருக்கும். இல்லைன்னா நானே எழுதிப்பேன்" என்றேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, கேலி இல்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சொல்லிவிடத்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் இருந்தேன். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தால் ஷெட்டே கூடி நிற்கிறது. நடுவில் சகலை. கையில் இந்தக் குறிப்பேடு. என் பையிலிருந்து எடுத்திருக்கிறார்.

சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "வீட்டில்... உட்கார்ந்தால்... நான் யார்... இங்கே வடிகட்டியாவது..." வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்காதவள் காயில் சுற்றுகிற வைண்டிங் அக்கா ஒருத்திதான். அவள் காயிலைத் துடைத்துக்கொண்டே, "கொடுத்துடுங்க மேஸ்திரி, பாவம்" என்றாள்.

"ஏய், காலைத் தூக்கிக்கோ, காலைத் தூக்கிக்கோ" என்று துடைப்பத்தால் என் காலடியில் பெருக்கிக் காட்டினார் சகலை. "மருமக பெருக்கறா பாரு."

குறிப்பேட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தியே?" என்றார்.

"ஒண்ணுமில்ல சகலை" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

இணைப்பைச் சரி செய்தார்கள். சகலை வழக்கம்போல, "உள்ள தள்ளுங்கடா, திங்கக்கிழமை வரைக்கும் நல்லா காயட்டும்" என்றார். இஞ்சினியரம்மா திங்கள் வரை ஆஸ்பத்திரியில்தான். முதலாளி ஊரில் இல்லை.

காயிலை ஓவனுக்குள் தள்ள நானும் ஒரு கை கொடுத்தேன். கதவு கனமானது, ஒருவரால் மூட முடியாது. அந்தப் பக்கம் அவர் தள்ளினார், இந்தப் பக்கம் நான். தாழ்ப்பாளை நான்தான் போட்டேன்.

"பலே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை மெச்சியது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மார்ச் 15, சனி

ஓவன் ஓடுகிறது. நன்றாகப் பசிக்கிறது. இரண்டு முறை சாப்பிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

அனுபவித்து எழுத வேண்டிய நாள். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம். பொரித்த எண்ணெயை மாதக்கணக்கில் கழுவாமல் விட்ட சட்டியின் நாற்றம். காயில் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூத்திருந்தது. சகலை விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், நூல் நூலாக வந்தது. எண்ணெய் ஓடுவதற்கென்று காயில் நடுவே விட்டிருந்த சந்துகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. எண்ணெய் ஓடாவிட்டால் சூடு போக வழியில்லை. ஓட்டினால் எரிந்துபோகும்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். தேன் குடித்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு முதலாளியும் இஞ்சினியரம்மாவும் வந்தார்கள். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "யார் ஓவன்ல வச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தான். எப்பவும் வைக்கறதுதானே" என்றார் சகலை.

"வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேனே" என்றார் இஞ்சினியரம்மா. "எழுதித் தரேன்னு கூடக் கேட்டேன். ஐயாதான் ஞாபகம் இருக்கும்னாரு." என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"சொன்னேனேம்மா. தூங்கி எழுந்து வாய் கொப்பளிச்சிட்டு இருந்தாரு. பக்கத்துல போய்ச் சொன்னேன். தலையைத் துவட்டிக்கிட்டே, சரி சரி, எல்லாம் எனக்குத் தெரியும்னாரு."

தலையைத் துவட்டியதை எங்கிருந்து கொண்டு வந்தேனோ. அதுதான் வேலை செய்தது. அவர் தூங்கி எழுந்தால் தலையைத் துவட்டுவார், எல்லாம் எனக்குத் தெரியும் என்பார். ஷெட்டுக்கே தெரியும்.

"டேய், பொய் சொல்றான். இவன் வாயே திறக்கல. ஒண்ணுமில்லன்னான். கேட்டேன், ஒண்ணுமில்லன்னான்" என்று கத்தினார்.

"அது அப்புறம், குறிப்பேட்டை வாங்கினப்ப. அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேனே சகலை" என்றேன்.

அப்போது செயின் பிளாக்காரர் சொன்னார்: "மேஸ்திரி, போன வாரம் சாவி எங்கன்னு ஷெட்டையே புரட்டினீங்க. சாவி உங்க கையில இருந்துச்சு." வெல்டர் இன்னொன்று சொன்னான். ஒருவன் தொடங்கினால் போதும், ஆளுக்கு ஒன்று இருந்தது. அவர்களை அவர் இத்தனை வருஷம் திட்டியதெல்லாம் சாவியும் ஸ்பேனரும் மறந்த சட்டையுமாகத் திரும்பி வந்தது.

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். எதையோ தேடுகிற பார்வை.

"சொல்லியிருப்பானோ?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

முதலாளி சகலையிடம் ஒரு மரச் சிராயைக் கொடுத்து, "வர்ற வரைக்கும் சுரண்டுங்க" என்றார். ஒன்றும் வராது என்பது முதலாளிக்கும் தெரியும். ஷெட்டின் நடுவில், எல்லோரும் பார்க்க, நாள் முழுவதும் சுரண்டினார். மாலையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கத் தெரியாமல் கையை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

நான் என் மிஷின் பக்கம் உட்கார்ந்து அவருடைய பேப்பரைப் படித்தேன். வாய்விட்டுப் படித்தேன்.

வைண்டிங் அக்கா காயிலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். புதிதாகச் சுற்ற வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அவள் சகலையிடம் நேராகப் போய்த் தன் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். செம்புக் கம்பி அறுத்த கை.

அந்தக் கையை எனக்கும் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என்னிடம் "டீ குடிச்சீங்களா ஐயா" என்று கேட்டாள்.

மார்ச் 20, வியாழன்

முடிவு சொல்லிவிட்டார்கள். நான் இருக்கிறேன். அவர் போகிறார்.

ஓவன் சாவி, டெஸ்டர், விசில் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைக்கச் சொன்னார் முதலாளி. சகலை ஒவ்வொன்றாக வைத்தார். விசிலை வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். "இதை வச்சிட்டேனா?" என்றார்.

"கையில இருக்கு சகலை."

"ஆமா" என்று வைத்தார்.

விசிலைக் கழுவி ஊதினேன். நல்ல சத்தம்.

மார்ச் 24, திங்கள்

"நீங்க அத்தான்கிட்ட சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சொன்னேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன்.

அவள் தட்டை வைத்தாள். சாப்பிட்டேன். பிறகு பேப்பரைப் பிரித்தேன். "கண்ணு வலிக்கும், போதும்" என்றாள். காய்க் கூடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

எதற்குக் கேட்டாள்? அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

சகலை வீட்டுக்கு வந்தார். சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எப்போதும் இஸ்திரி மடிப்பு கலையாத ஆள்.

"தப்பா எடுத்துக்காத. இன்னொரு தடவை சொல்லு. நீ சொன்னப்ப நான் எங்க நின்னேன்?"

"குழாய்கிட்ட."

"எந்தக் கையில துண்டு?"

"வலது கையில" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தூக்கித் தலையைத் துவட்டினார். துண்டில்லாமல். இரண்டு, மூன்று தடவை. "வரமாட்டேங்குது" என்றார். "எவ்வளவு நினைச்சுப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் வரமாட்டேங்குது. அப்ப இன்னும் என்னென்ன போயிருக்கும், சொல்லு?"

தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

தினமும் வருகிறார். ஷெட்டிலிருந்து நான் திரும்பும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார்.

இன்று ஒரு சோதனை செய்தேன். பேப்பரைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் தலைப்பை ஒரு பார்வை பார்ப்பார், செய்தி முழுவதும் ஒப்பிப்பார். "சகலை, இதை நேத்தே படிச்சிட்டீங்களே" என்றேன். இன்றைய பேப்பர்தான்.

நின்றார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேப்பரை நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். அச்சில் இருக்கிற தேதியை விட என் வார்த்தை பெரிதாகிவிட்டது.

ஒரு வார்த்தையில் ஒரு ஆள் அசைகிறார் என்றால் எப்படி இருக்கிறது தெரியுமா? இந்த வயதில் எனக்கு இது கிடைக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றும் செய்தேன். செருப்பை இந்தப் பக்கம்தானே விட்டீர்கள் என்று. அவர் விட்டது அந்தப் பக்கம்.

ஏப்ரல் 21, திங்கள்

சகலையை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லையாம். வயசு, கவலை, தூக்கமில்லை என்றாராம். அவர் தூங்காதது எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் பெஞ்சில் படுத்த மாத்திரத்தில் தூங்குவார்.

மே 5, திங்கள்

சகலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது. மறக்கக் கூடாததை எழுதிக்கொள்கிறாராம். அவர் வேறு பக்கம் பார்க்கும்போது படித்தேன். இப்போதெல்லாம் எனக்கு வேகமாகப் படிக்க வருகிறது.

அடுப்பை அணைக்கணும். சாவி ஆணியில். மாத்திரை இரண்டு வேளை.

அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு: சகலை சொன்னால் கேட்கணும்.

நல்ல கையெழுத்து. மேஸ்திரிக்கு எப்போதும் நல்ல கையெழுத்து. வியர்வையில் கேட்கணும் என்பது மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. அதன் மேலேயே திரும்ப எழுதியிருக்கிறார்.

ஏன் படித்தேன்? படிக்கத் தெரிந்தால் கண் தன்னால் படித்துவிடுகிறது. நிறுத்த முடியவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மே 6, செவ்வாய்

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? முதலாளி என்னைத் துரத்துவார். இஞ்சினியரம்மா இனிமேல் ஐயா என்று கூப்பிட மாட்டார். வைண்டிங் அக்கா கையைக் காட்டுவாள். மனைவி... அவள் ஏற்கெனவே—

அவர் செய்தது மட்டும் சரியா? என் காலடியில் பெருக்கினாரே, அது சரியா? எல்லோரும் சிரித்தார்களே. நான் யார் என்று எழுதியதை அந்த ராகத்தில் படித்தாரே. வாயில வச்சிக் குடிக்க வச்சானே. அப்ப யாரு வந்து கேட்டா? ஒருத்தன் வந்தானா? அனுபவிக்கட்டும்.

அனுபவிக்கட்டும் என்று எழுதிவிட்டு வெகு நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 7, புதன்

சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

மனைவியின் அக்கா முதலாளியைப் பார்த்துக் கெஞ்சியிருக்கிறார். சகலையை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லையாம். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று நாள் முழுவதும் போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறாராம், விரல் சுட்டுக்கொண்டுவிட்டதாம். சம்பளம் வேண்டாம், ஷெட்டில் ஒரு ஓரமாக உட்கார வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னாராம்.

முதலாளி என்னைக் கேட்டார். "உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"சொந்தக்காரர்தானே" என்றேன்.

"இந்தக் காலத்துல யாரு இப்படிப் பார்க்கறாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வெல்டர்கூடத் தலையை ஆட்டினான். என்னைப் புகழ்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மே 22, வியாழன்

காலையில் அவர் வீட்டுக்குப் போய் அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகிறேன். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். லாரி வரவில்லை, வாங்க என்றால் வருகிறார். வலப்பக்கம், இடப்பக்கம் அவரே பார்ப்பதில்லை. இன்று லாரி வந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் நின்றிருந்தேன். அவரும் நின்றார். நான் வாங்க என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியுமோ என்னவோ.

கை வியர்த்துவிட்டது. அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

மே 30, வெள்ளி

இன்று பேப்பரைத் தேதி சொல்லி அவரிடம் கொடுத்தேன். "இது இன்னிக்கு வந்தது சகலை, நீங்க படிக்கல, படிங்க" என்றேன்.

"நீயே படி. நான் படிச்சா தப்பா இருக்கும்" என்றார்.

படித்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தப்பாகப் படித்த இடத்தில்கூட ஆமாம் ஆமாம் என்றார். முன்பென்றால் ஒரு எழுத்துக்கு ஷெட்டையே கூட்டியிருப்பார்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி டிரான்ஸ்ஃபார்மர் முடிந்தது. வைண்டிங் அக்கா சுற்றிய புதுக் காயிலைத் தொட்டியில் இறக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, எஸ்டரை அடியிலிருந்து மெல்ல ஏற்றினோம். எஸ்டர் ஏறும்போது சத்தமே இல்லை. மேலே காற்று புகாதபடி மூடி முத்திரை வைத்தார்கள். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. கிரேன் வந்து தூக்கியபோது விசில் ஊதியது நான். லாரி வாசலைத் தாண்டும் வரை எல்லோரும் நின்று பார்த்தோம்.

முதலாளி என் கையைக் குலுக்கினார். "இனிமே மேஸ்திரின்னே கூப்பிடுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நேரமானது.

சகலை ஓவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இஞ்சினியரம்மா கிளம்பும்போது அவர் முன்னால் குனிந்து நின்றார். அந்த அம்மாவுக்கு அவர்மேல் கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

"எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டார்.

சகலை கழுத்தை நீட்டி ஷெட் முழுவதும் தேடினார். நான் பேரல்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைக் கண்டுபிடித்ததும் முகம் தெளிந்தது.

"சகலை, நான் எப்படி இருக்கேன்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கீங்க" என்றேன்.

"நல்லா இருக்கேன்மா" என்று இஞ்சினியரம்மாவிடம் சொன்னார்.